பக்கத்து ஊருக்கு வந்தது, நம் ஊருக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: நரிக்குடி ஒன்றியத்தில் கண்மாயை நம்பி நெல்லும், மானாவாரியில் பருத்தி, மிளகாயும் போடுகிறோம். ஒரு வருஷம் காய்ந்து போகிறது. அடுத்த வருஷம் அறுக்கிற நேரத்தில் கதிர் தண்ணீரில் கிடக்கிறது. நிவாரணம் என்று போனால் வி.ஏ.ஓ. ஒரு காகிதம் கேட்கிறார், வேளாண்மை அலுவலகத்தில் வேறொன்று கேட்கிறார்கள், இன்சூரன்ஸுக்கு இன்னொன்று. பக்கத்து ஊருக்குப் பணம் ஏறிவிட்டது, எங்கள் ஊருக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஏன் இப்படி? இன்னொன்றும் தெரிய வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் வந்தபோது வைக்கோல் அனுப்பலாம் என்று ஊரில் பேசினோம். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: இரண்டும் தனித்தனிக் கேள்வி போலத் தெரிந்தாலும் விஷயம் ஒன்றுதான். உதவி இருக்கிறது, கொடுக்கிற கையும் இருக்கிறது. எந்தக் கை எந்த ஊருக்கு, எந்த வயலுக்கு என்பதைச் சேர்த்துப் பார்க்கிற இடத்தில்தான் இடறுகிறது.

முதலில், ‘நிவாரணம்’ என்று ஒரே சொல்லில் சொல்வதை நிறுத்திக்கொள்வது நல்லது. பயிர் போனால் விவசாயிக்குப் பணம் வர மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிற இடுபொருள் மானியம். இரண்டாவது பயிர்க் காப்பீடு. மூன்றாவது கூட்டுறவுச் சங்கக் கடனைத் தள்ளிவைப்பது. முதலாவதை நடத்துவது வருவாய்த் துறை. இரண்டாவதில் பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். மூன்றாவது சங்கத்தின் வேலை. ஒன்று கிடைத்ததால் மற்றொன்று தானாக வந்துவிடாது. ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக மற்றொன்றை விட்டுவிடவும் கூடாது. ‘இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேனே, எதற்கு நிவாரண மனு?’ என்று சும்மா இருந்துவிட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்த மூன்றுக்கும் பொதுவான காகிதம் அடங்கல். கிராமக் கணக்கில் இரண்டாம் எண். ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்று எழுதுகிற கணக்கு அது. நிவாரணத்துக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். காப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். பயிர்க்கடனுக்கும் அதுவே. அதில் உங்கள் புலம் ‘தரிசு’ என்று இருந்தால், வயலில் நின்ற பயிர் எவ்வளவு காய்ந்திருந்தாலும் கணக்கில் அது பயிரே இல்லை.

2016ஆம் ஆண்டு வறட்சியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168 மில்லிமீட்டர்தான். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876க்குப் பிறகு அப்படியொரு பருவம் இல்லை என்று பேசப்பட்டது. புழுதியில் விதைத்த நெல் முளைத்து, ஒரு சாண் உயரத்தில் வெளுத்துப் போனது. 2017 ஜனவரி 10ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 33 சதவீதத்துக்கு மேல் பயிர் இழந்தவர்களுக்கு நிவாரணம். நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். நெல் தவிர்த்த மானாவாரிப் பயிர்களுக்கு ஏக்கருக்கு 3,000 ரூபாய். நீண்ட காலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய். நிலவரி தள்ளுபடி, கூட்டுறவுப் பயிர்க்கடனை மத்திய காலக் கடனாக மாற்றுவது, நூறு நாள் வேலையை நூற்றைம்பது நாளாக்குவது ஆகியவையும் அந்த அறிவிப்பில் இருந்தன. பிறகு 32 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

‘நெல் தவிர்த்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நரிக்குடிப் பக்கம் கண்மாய் நிறையும் என்று நம்பிப் புழுதியில் விதைக்கிற நெல்லும் மழையை நம்பியதுதான். ஆனாலும் அந்த ஆண்டுக் கணக்கில் நெல் என்று பதிவான ஏக்கருக்கு 5,465, பக்கத்தில் பருத்தியோ குதிரைவாலியோ என்று பதிவான ஏக்கருக்கு 3,000. பதிவேட்டில் ஒரு சொல் மாறினால் ஏக்கருக்கு 2,465 ரூபாய் வித்தியாசம். நெல் விதைத்த வயலில் போன வருஷத்துப் பயிரையே திரும்ப எழுதியிருந்தால் இழப்பு விவசாயிக்குத்தான். ஆளைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒரு வி.ஏ.ஓ. கையில் பல நூறு புல எண்கள் இருக்கும். கூடுதல் பொறுப்பாக இன்னொரு கிராமமும் சேர்ந்திருக்கும். விவசாயி போய் நின்று பார்க்காத வரி, பழைய வரியாகவே கிடக்க வாய்ப்பு அதிகம்.

2022இல் வந்த மத்திய அரசின் விதிமுறை இது. எக்டேருக்கு மானாவாரிப் பயிர் என்றால் 8,500, பாசனப் பயிர் 17,000, பல்லாண்டுப் பயிர் 22,500 ரூபாய். ஒருவருக்கு 2 எக்டேர் வரைதான். ஏக்கர் கணக்கில் மானாவாரிக்கு 3,440 ரூபாய் அளவில் வரும். இது நஷ்ட ஈடு இல்லை. அடுத்த விதைப்புக்கு விதை, உரம் வாங்க உதவுகிற தொகை என்றுதான் பெயரே வைத்திருக்கிறார்கள். மிளகாய்க்கு ஆன செலவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் இதுதான் கணக்கு.

பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது? மழையோ காய்ச்சலோ முடிந்ததும் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாக வயலுக்கு வர வேண்டும். வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வருவார்கள். மிளகாய், மல்லி என்றால் தோட்டக்கலைத் துறை வர வேண்டும். இங்கேதான் பல ஊர்களில் பாதிப் பெயர்கள் விடுபடுகின்றன. நெல்லைப் பார்த்துவிட்டு வேளாண்மைக்காரர் போய்விடுவார். மிளகாய்க்குத் தோட்டக்கலைக்காரர் இன்னொரு நாள் வருவார், அன்று வி.ஏ.ஓ. தாலுகா அலுவலகத்தில் இருப்பார். இரண்டு பட்டியலும் திருச்சுழி வட்டாட்சியர் அலுவலகத்தில் போய்ச் சேரும்போது ஒன்றில் இருக்கிற பெயர் மற்றதில் இருக்காது. ‘எங்கள் வயலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், பெயர் மட்டும் இல்லை’ என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே கணக்கெடுக்க வரும் நாளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊரில் நாலு பேர் உடன் போக வேண்டும். வயலில் நின்று, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்வது நல்லது. முக்கியமானது, பட்டியல் தயாரானதும் அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துக் கேட்பது. பணம் ஏறிய பிறகு ‘விட்டுப்போனது’ என்று மனுக் கொடுப்பதற்கும், பட்டியல் மேலே போகும் முன் ‘இந்தப் புலம் சேரவில்லை’ என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வட்டாட்சியரிடம் தீரவில்லை என்றால் அருப்புக்கோட்டை கோட்டாட்சியர் இருக்கிறார். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனுவுக்கு எழுத்தில் பதில் கேட்கலாம்.

இனி வரப்புக்கு அந்தப் பக்கம் வந்த பணம். அது காப்பீட்டுப் பணமாக இருந்தால் காரணம் வேறு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் இழப்பைக் கணக்கிடுவது தனி வயலை வைத்து இல்லை. முக்கியப் பயிர்களுக்கு வருவாய்க் கிராமம் ஓர் அலகு, மற்றவற்றுக்குக் குறுவட்டம், அதாவது பிர்கா. கிராமம் அலகு என்றால் அந்த ஊரில் நாலு வயலைக் குலுக்கல் முறையில் எடுத்து, நெல்லென்றால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி அறுத்து எடை போடுவார்கள். அதுதான் ஊர் முழுவதற்கும் மகசூல்.

ஓர் உதாரணம். உங்கள் கிராமத்துக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைச் சோதனையில் சராசரி 500 கிலோ வந்தால் குறைவு 300. எண்ணூறில் முந்நூறு 37.5 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் அதே 37.5 சதவீதம் ஊரில் அந்தப் பயிருக்குப் பிரீமியம் கட்டிய எல்லோருக்கும் வரும். சராசரி 800க்கு மேல் வந்துவிட்டால், உங்கள் வயலில் ஒரு மணிகூட இல்லாமல் போயிருந்தாலும் ஒன்றும் வராது. கண்மாய்க்கு மேல் மடையை ஒட்டிய வயல்கள் சோதனைக்கு அகப்பட்டால் சராசரி ஏறும். வால் பகுதி வயல்கள் அகப்பட்டால் இறங்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு வருவாய்க் கிராமம் என்றால் அந்த ஊருக்கு வேறு நாலு வயல், வேறு உத்தரவாத மகசூல். சதியும் இல்லை, பாரபட்சமும் இல்லை, கணக்கின் அமைப்பே அப்படி. இந்த அமைப்பு நரிக்குடி போன்ற ஊர்களுக்குப் பொருத்தமா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே கிராமத்தில் கண்மாய்த் தண்ணீர் எட்டுகிற வயலும் எட்டாத வயலும் இருக்கிற இடத்தில் சராசரி என்பது யாருடைய வயலும் இல்லை. விதி மாறுகிறவரை, சோதனை அறுவடை நடக்கிற நாளில் அந்த வயலில் ஊர்க்காரர்கள் நிற்பதும், எடையைத் தாங்களும் குறித்துக்கொள்வதும் செய்யக்கூடிய காரியம்.

தனி வயல் கணக்கும் ஓரளவு உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்கும், அறுத்துக் காயப் போட்ட பயிர் பதினான்கு நாளுக்குள் மழையில் கெட்டால் அதற்கும் தனியாக இழப்பீடு கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லிவிட்டு, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் பேசிப் பயனில்லை. வெள்ளத்தில் மூழ்கிய நெல் 2018இல் இந்தத் தனி வயல் பாதுகாப்பிலிருந்து எடுக்கப்பட்டது. 2026 காரீப் பருவம் முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குச் சேதத்தையும் கூடுதல் பாதுகாப்பாகக் கொண்டுவருவதாகவும் 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. காட்டுப்பன்றி கதை நரிக்குடிக்குப் புதிதில்லை. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். பிரீமியம் கட்டும்போது அந்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

எந்த வழியிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள். பட்டாக்காரர் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். நிவாரணம் அவர் கணக்கில் ஏறும், பயிர் போனது இங்கே இருப்பவருக்கு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நிலம் போய்விடுமோ என்று உரிமையாளர் பயப்படுவார், கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதோ என்று உழுகிறவர் பயப்படுவார். இரண்டு பயத்துக்கும் நடுவே ஒரு வழி, சாகுபடி செய்பவர் பெயரை அந்தப் பசலி அடங்கலில் எழுதச் செய்வது. காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. மாமனார் பெயரில் பட்டா, கணவரும் இறந்துவிட்டார், உழைப்பது மருமகள் என்கிற வீடுகள் இன்னொரு வகை. அந்தப் பட்டாவை மாற்ற ஜமாபந்தி வரும்போதாவது மனுக் கொடுத்தாக வேண்டும். வெள்ளம் வந்த பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைவது கொடுமை.

அடுத்தது, தூத்துக்குடிக்கு அனுப்ப நினைத்த வைக்கோல்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் லாரிகள் வந்தன. அதில் பெரும் பகுதி பழைய துணி. எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் சாலையோரத்தில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாறியது. அதை அப்புறப்படுத்துவதே ஒரு நிவாரண வேலையாகிவிட்டது. கொடுத்தவர்கள் மனசு நல்லதுதான். ஆனால் எந்த ஊரில் எத்தனை வீடு, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தவர்கள் குறைவு. 2005 ஜனவரித் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகமும் மீனவர் கூட்டமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை அமைத்தார்கள். அப்போது ஆட்சியராக வந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். அந்த மையம் செய்த வேலை பார்ப்பதற்குச் சின்னது. ஊர் வாரியாக யார் என்ன செய்கிறார்கள், என்ன பாக்கி என்று எழுதிவைத்தது. வருகிறவர்களிடம் ‘இங்கே வேண்டாம், அங்கே போங்கள்’ என்று சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 டிசம்பரில்தான் வந்தது. ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று இன்று இருப்பது அந்தச் சட்டத்தின்படிதான்.

அத்தனைக்குப் பிறகும் 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பழைய கதைதான் திரும்பியது. வெளியூர் லாரிகள் பெரிய சாலையில் முதலில் கை நீட்டிய ஊர்களில் இறக்கிவிட்டுத் திரும்பின. உள்ளே தள்ளியிருந்த ஊர்கள் மரம் விழுந்த பாதைக்குப் பின்னால் காத்திருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருவைகுண்டத்தில் செந்தூர் ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றபோது, வெளியிலிருந்து எதுவும் வந்து சேரும் முன்னால் சோறு பொங்கிக் கொடுத்தது பக்கத்து ஊர் மக்கள்தான். அவர்கள் வீட்டிலும் வெள்ளம்.

ஆகவே நரிக்குடியிலிருந்து அனுப்புவதென்றால், வண்டி ஏற்றும் முன் ஒரு தொலைபேசி. அந்த மாவட்ட எஸ்.டி.டி. குறியீட்டோடு 1077 போட்டால் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை. மாநில அறைக்கு 1070. ‘இத்தனை கட்டு வைக்கோல் இருக்கிறது, எந்த ஒன்றியத்தில் மாடுகள் அதிகம் தவிக்கின்றன?’ என்று கேட்டு, அந்த ஊர் கால்நடை மருத்துவரின் பெயரையும் இறக்குமிடத்தையும் வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். வெள்ளம் வடிந்த ஊரில் துணியும் பிஸ்கட்டும் எப்படியும் சேர்ந்துவிடும், மாட்டுக்குத் தீனி சேராது. வைக்கோல் காய்ந்ததாக, தார்ப்பாய் போட்டு மூடியதாக இருக்க வேண்டும். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோல் மாட்டை வீழ்த்தும்.

விதை கொடுக்கவும் பலர் ஆசைப்படுகிறார்கள். இதில் கவனம் வேண்டும். டிசம்பர் கடைசியில் பயிர் போன வயலுக்கு 130 நாள் நெல் விதையைக் கொடுப்பது உதவி இல்லை, அது பூக்கும்போது தண்ணீர் இருக்காது. அந்த நேரத்தில் உளுந்து, பாசிப்பயறு மாதிரி 65, 70 நாளில் வருவதுதான் கைகொடுக்கும். என்ன விதை, எந்த ரகம் என்பதை அங்கேயுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டு, சான்று அட்டை உள்ள விதையாகக் கொடுக்க வேண்டும்.

கொடுக்கிற ஊராக மட்டும் நரிக்குடியை நினைத்துவிடவும் முடியாது. கிருதுமால் நதியும் குண்டாறும் ஊட்டுகிற கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோத்தவை. மேலக் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழே உள்ளதற்குத் தண்ணீர். தண்ணீர் இல்லாத வருஷத்தில் மேலூரைத் திட்டிக்கொண்டிருப்போம். பெருமழை வருஷத்தில் மேலக் கரை உடைந்தால் கீழூர்க் கண்மாய் அந்த வேகத்தைத் தாங்காது. ராத்திரியில் யாரோ கலுங்குப் பலகையை எடுத்துவிட்டு, விடியும்போது அடுத்த ஊர் வயல் மூழ்கியிருக்கும். பிறகு போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. பேரிடர் என்பது நம் பக்கம் பல நேரம் இந்த அளவில்தான் வருகிறது. ஹெலிகாப்டர் வராது, டி.வி. வராது.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஐப்பசிக்கு முன்னால், ஒரே வரத்துக் காலில் இருக்கிற ஊர்கள் ஊருக்கு இரண்டு பேர் என்று உட்கார்ந்து எழுத வேண்டியது. எந்தக் கண்மாயில் கரை எந்த இடத்தில் பலவீனம், மணல் மூட்டை எங்கே இருக்கும், மடை திறந்தால் கீழூரில் யாருக்குப் போன் செய்வது. கூடவே ஊரில் எத்தனை மாடு, ஆடு, எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், எந்தப் புலத்தில் இந்த வருஷம் யார், என்ன பயிர். இந்தக் கடைசிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடங்கலைச் சரிபார்த்தால், நிவாரணம், காப்பீடு, கடன் மூன்றின் வாசலும் ஒரே வேலையில் சரியாகிவிடும்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை. அதில் அக்டோபர் 2 மழைக்குச் சற்று முன்னால் வருகிறது, நவம்பர் 1 மழைக்கு நடுவே. முதல் சபையில் நோட்டைப் படித்து, பலவீனமான கரைகளைத் தீர்மானமாக எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கும் பொதுப்பணித் துறை கண்மாய் என்றால் நீர்வளத் துறைக்கும் அனுப்பலாம். இரண்டாவது சபைக்கு வி.ஏ.ஓ.வையும் உதவி வேளாண்மை அலுவலரையும் வரச் சொல்லி, புல எண் வாரியாகப் பயிரை எல்லோர் முன்னிலும் வாசிக்கச் சொல்லலாம். நெல் விதைப்பு அதற்குள் முடிந்திருக்கும், காப்பீட்டுக்குக் கடைசித் தேதி இன்னும் வந்திருக்காது. தவறான வரி இருந்தால் அங்கேயே ஒருவர் எழுந்து ‘அது தரிசு இல்லை, நம்ம சித்தப்பா நெல் போட்டிருக்கார்’ என்று சொல்லிவிடுவார். அதோடு வங்கிப் புத்தகத்தையும் ஒரு தடவை பதிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஆதார் இணைக்காத கணக்கும் வருஷக்கணக்கில் தொடாமல் முடங்கிய கணக்கும் பணத்தை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும்.